6.97 நாள்

வாரத்துக்கு எத்தனை நாள்? பேக்கப்பிசி என்ற மென்பொருளின் கணக்கில் 6.97 நாள். ஒரு நாள் என்பதும் அதற்கு முழு நாள் இல்லை, 0.97 நாள்தான். அதன் அமைப்புக் கோப்பை முதல்முறை திறந்து பார்க்கிற யாருக்கும் கை அரிக்கும். எனக்கும் அரித்தது. எழுதியவர் ஏதோ அரைகுறையாக விட்டுவிட்டார் என்று எண்ணி, 6.97ஐ 7 ஆகவும் 0.97ஐ 1 ஆகவும் திருத்தினேன். நல்ல காரியம் செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

ஒன்பதாம் நாள்தான் விஷயம் புரிந்தது. அதற்கு முன் இந்த மென்பொருள் செய்யும் வேலையைச் சொல்லிவிடுகிறேன்.

இருபது முப்பது கணினிகள் உள்ள அலுவலகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் தன் கோப்புகளைத் தானே பென் டிரைவில் நகலெடுத்து வைத்துக்கொள்வார் என்று நம்பினால், ஒருவரும் செய்யமாட்டார். அதனால் ஒரு மூலையில் பெரிய ஹார்ட் டிஸ்க்குகளோடு ஒரு சர்வரை வைத்து, அதுவே நெட்வொர்க் வழியாக ஒவ்வொரு கணினியாகத் தேடிப்போய் நகலெடுத்து வரும்படி செய்கிறார்கள். அப்படித் தேடிப்போகப்படும் கணினிக்குக் கிளையன்ட் என்று பெயர். கிரெய்க் பாரட் 2001இல் வெளியிட்ட பேக்கப்பிசி, இந்த வகை மென்பொருள்களில் சிக்கனக்காரர். கிளையன்டில் தனக்கென்று எதையும் நிறுவச் சொல்லாது. விண்டோஸில் ஃபோல்டரைப் பகிரும் வசதி, லினக்ஸில் கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் என்று புழக்கத்தில் இருப்பதை வைத்தே வேலையை முடித்துக்கொள்ளும். பத்துக் கணினிகளில் ஒரே கோப்பு இருந்தால் சர்வரில் அதற்கு ஒரே ஒரு பிரதிதான். விலையும் கிடையாது.

நகலெடுப்பது எளிய வேலை. எப்போது போவது, எதை எடுப்பது, எதை விடுவது, எத்தனை பழைய பிரதிகளை வைத்திருப்பது, போய்க் கதவைத் தட்டினால் பதில் இல்லையென்றால் யாரிடம் சொல்வது என்பவற்றை ஒவ்வொரு கணினிக்கும் எழுதிவைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கிளையன்ட் அமைப்புகள் என்று சொல்வது இதைத்தான். அதில் உள்ள ஒவ்வொரு வரியும், அந்தக் கணினியின் முன் உட்காரும் மனிதரின் பழக்கத்தைப் பற்றிய ஓர் ஊகம். ஊகம் தப்பினால் மென்பொருள் கூச்சல் போடாது, சத்தமில்லாமல் வராமல் இருந்துவிடும்.

என் திருத்தத்துக்கு வருகிறேன். பேக்கப்பிசி மணிக்கு ஒருமுறை கண் விழிக்கும். நள்ளிரவு 12 மணியை மட்டும் விட்டுவிட்டு, ஒரு மணியிலிருந்து இரவு 11 மணிவரை விழிப்பதாக அதன் தொடக்க அமைப்பு இருக்கிறது. விழிக்கும்போதெல்லாம், எந்தக் கணினிக்குக் கடைசியாகப் பேக்கப் எடுத்து ஒரு நாள் கழிந்தது என்று பார்க்கும். ஞாயிறு இரவு 10 மணிக்கு விழித்தது என்று வையுங்கள். வரிசையில் வேறு கணினிகள் முன்னால் நின்றதால் இந்தக் கணினியின் முறை 10:07க்கு வந்தது. திங்கள் இரவு 10 மணிக்கு மறுபடி விழிக்கிறது. கழிந்திருப்பது 23 மணி 53 நிமிடம். ஒரு நாள் ஆகவில்லை, ஆகவே வேலை இல்லை என்று தூங்கிவிடும். 11 மணிக்குத்தான் எடுக்கும். அடுத்த நாள் 11 மணிக்கும் ஏழு நிமிடம் குறையும். 12 மணிக்கு விழிப்பு கிடையாது என்பதால் விடியற்காலை ஒரு மணி. பிறகு இரண்டு, மூன்று, நான்கு என்று தினமும் ஒரு மணி நேரம் வழுக்கிக்கொண்டே போகும். எட்டாம் நாள் காலை ஆறு மணி. அதற்கடுத்த நாள் ஏழு மணி ஆகியிருக்க வேண்டும். ஆனால் வார நாள்களில் காலை 7 முதல் மாலை 7:30 வரை யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று இன்னோர் அமைப்பு இருக்கிறது. ஆக அன்று முழுக்கக் காத்திருந்து இரவு எட்டு மணிக்கு வந்து சேரும். இரண்டு பேக்கப்புகளுக்கு நடுவே 38 மணி நேர இடைவெளி.

0.97 நாள் என்பது 23 மணி 17 நிமிடம். சரியாக ஒரு நாளுக்கு 43 நிமிடம் குறைவு. வரிசையில் நிற்கும் தாமதத்தை அந்த 43 நிமிடம் விழுங்கிக்கொள்கிறது. 6.97ஐயும் அதே 43 நிமிடத்தைக் கழித்துத்தான் வைத்திருக்கிறார்கள். நான் பிழை என்று நினைத்தது, தாமதமாக வருபவனுக்கும் மன்னிப்பு உண்டு என்று எழுதிவைத்த ஏற்பாடு. பழையபடியே மாற்றிவைத்தேன். தொடக்க அமைப்புகளைத் தொடுவதற்கு முன் அந்த எண்ணை வைத்தவர் என்ன நினைத்திருப்பார் என்று யோசிக்கும் பழக்கம் அன்று வந்தது.

பகலில் வராதே என்ற அந்த அமைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். இந்த மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. மேசைக் கணினியை இரவிலும் அணைக்காமல் விட்டுப் போகிறார்கள், அதற்குப் பகலில் பேக்கப் எடுத்து வேலையை மந்தமாக்க வேண்டியதில்லை. லேப்டாப் கதை வேறு. அது காலையில் பையோடு வந்து மாலையில் பையோடு போய்விடும். பகலில் எடுக்காவிட்டால் என்றைக்குமே எடுக்க முடியாது. எந்தக் கணினி எந்த வகை என்று நிர்வாகி உட்கார்ந்து பட்டியல் போட வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பேக்கப்பிசி அதைத் தானே கண்டுபிடிக்கிறது. ஒரு கணினியை 7 முறை தொடர்ந்து கூப்பிட்டு 7 முறையும் பதில் வந்தால், இது எங்கும் போகாத கணினி என்று முடிவு கட்டி இரவுக்குத் தள்ளிவிடும். வந்து வந்து போகும் கணினியைக் கண்ணில் பட்டபோதே பிடித்துக்கொள்ளும். மின்சாரம் போய் வந்ததாலோ மறுதொடக்கம் செய்ததாலோ ஒன்றிரண்டு முறை பதில் தவறினால் உடனே தன் முடிவை மாற்றிக்கொள்ளாது. அதற்கும் ஓர் எல்லை எண் இருக்கிறது. மனிதரைக் கவனித்த ஒருவர்தான் இப்படி எழுத முடியும்.

இதன் பக்கத்திலேயே ஒரு பொறியும் இருக்கிறது. கூப்பிட்டால் 20 மில்லிவினாடிக்குள் பதில் வர வேண்டும். அதற்கு மேல் ஆனால் அந்தக் கணினி தொலைவிலிருந்து மெதுவான இணைப்பில் வந்திருக்கிறது என்று கருதி விட்டுவிடும். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரின் இணைப்பை அடைத்துவிடக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். கம்பி வழியாகப் போகும் நெட்வொர்க்கில் பதில் ஒரு மில்லிவினாடிக்குள் வந்துவிடும். இன்று பாதிப் பேர் வைஃபையில் இருக்கிறார்கள். கூட்டம் மிகுந்த வைஃபையில் 20ஐத் தாண்டுவது சாதாரணம். பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பவரைத் தொலைதூரத்துக்காரர் என்று நினைத்து சர்வர் விலகிப் போய்விடும்.

நேரம் பொருந்தி வந்தாலும், போய்ச் சேர்ந்த இடத்தில் கோப்பு திறந்திருக்கலாம். அவுட்லுக்கில் மின்னஞ்சல் பார்க்கிறவர்களில் பலருக்கு எல்லாக் கடிதங்களும் ஒரே பெரிய கோப்பில் கிடக்கும். அவுட்லுக் ஓடிக்கொண்டிருக்கும்வரை அந்தக் கோப்பை வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டிவைத்திருக்கும். வீட்டுக்குப் போகும்போது கணினியை அணைக்காமல் அவுட்லுக்கையும் மூடாமல் போகிறவரின் கணினியில் தினமும் பேக்கப் நடக்கும், மின்னஞ்சல் கோப்பு மட்டும் ஒருநாளும் வராது. இந்த ஒரு வகைக் கோப்புக்காகவே பேக்கப்பிசியில் தனி அமைப்பு வைத்திருக்கிறார்கள். 5 நாளாக அது வரவில்லையென்றால், அவுட்லுக்கை மூடிவிட்டுப் பேக்கப் எடுங்கள் என்று அவருக்கே கடிதம் போகும். கணக்கு மென்பொருள்களின் தரவுக் கோப்புகளுக்கும் இந்த வியாதி உண்டு. அவற்றுக்குக் கடிதம் போடுபவர் யாரும் இல்லை. பாக்குலா, யுவர்பேக்கப் போன்ற வேறு பேக்கப் மென்பொருள்கள் கிளையன்டில் தங்கள் ஆள் ஒருவரை நிறுவிக்கொள்வதால், விண்டோஸ் தரும் நிழற்பிரதி வசதியைக் கொண்டு திறந்திருக்கும் கோப்பையும் அந்தக் கணத்தில் இருந்தபடியே படம் பிடித்துவிடுகின்றன.

பாக்குலா என்ற பெயரே ஒரு வேடிக்கை. பேக்கப்பையும் டிராகுலாவையும் சேர்த்துச் செய்த பெயர். இரவில் வந்து கணினியின் சாரத்தை உறிஞ்சிக்கொண்டு போவதால் அப்படி. கெர்ன் சிப்பால்ட் 2000இல் எழுதத் தொடங்கி 2002இல் வெளியிட்டார். பேக்கப்பிசி ஒற்றை ஆள் கடை என்றால் பாக்குலா ஒரு கம்பெனி. கட்டளையிடும் இயக்குநர் ஒருவர், கிளையன்டில் உட்கார்ந்து கோப்புகளை எடுத்துத் தரும் ஏவலாள் ஒருவர், வாங்கி டேப்பிலோ டிஸ்க்கிலோ வைக்கும் கிடங்குக்காரர் ஒருவர். மூவரும் தனித்தனி நிரல்கள். 9101, 9102, 9103 என்று அடுத்தடுத்த போர்ட் எண்களில் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இயக்குநரிடம் எழுதிய கடவுச்சொல்லும் கிளையன்டில் எழுதிய கடவுச்சொல்லும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு இடத்தில் ஒன்றையே எழுதும்போது வழக்கமாக வரும் தொல்லைகள் எல்லாம் இங்கேயும் வரும்.

புதிதாக நிறுவுகிறவர்கள் இதில் எங்கே மாட்டுவார்கள் தெரியுமா? இயக்குநரும் கிடங்குக்காரரும் ஒரே சர்வரில்தானே இருக்கிறார்கள் என்று, கிடங்கின் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதிவிடுவார்கள். இந்தக் கணினியே என்பது அதன் பொருள். சோதித்தால் சரியாக வேலை செய்யும், ஏனென்றால் முதலில் சோதிப்பது சர்வரையே கிளையன்டாக வைத்துத்தான். பிறகு வேறொரு கணினியைச் சேர்ப்பார்கள். அங்கிருக்கும் ஏவலாள் கோப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு, எங்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று இயக்குநரைக் கேட்பார். எழுதியிருப்பதை இயக்குநர் அப்படியே சொல்வார். நம் வீட்டில் கொண்டுபோய் வை என்று ஒருவரிடம் சொல்லி அனுப்பினால் அவர் தன் வீட்டில்தான் கொண்டுபோய் வைப்பார். ஏவலாள் தன் கணினிக்குள்ளேயே கிடங்கைத் தேடிவிட்டு, அப்படி யாரும் இல்லை என்று திரும்புவார். இந்தத் தவறாவது பிழைச்செய்தியோடு வருகிறது, அதனால் நல்ல தவறு.

கெட்ட தவறு, எதை எடுப்பது என்ற பட்டியலில் இருக்கிறது. பட்டியலை இரண்டு வழியில் எழுதலாம். இந்த இந்த ஃபோல்டர்களை மட்டும் எடு என்பது ஒன்று. எல்லாவற்றையும் எடு, இந்த இந்தக் குப்பையை மட்டும் விடு என்பது இன்னொன்று. முதல் வழியில் இடம் மிச்சம். ஆனால் ஆறு மாதம் கழித்து ஒருவர் புதிதாக ஒரு ஃபோல்டர் தொடங்கி அதில் வேலை பார்ப்பார், பட்டியலுக்கு அது தெரியாது. இரண்டாவது வழியில் குப்பையும் கொஞ்சம் வந்து சேரும், அவ்வளவுதான். இடம் வாங்கிக்கொள்ளலாம். தயக்கமில்லாமல் நான் இரண்டாவது கட்சி.

இரண்டாவது கட்சிக்கும் தோல்வி உண்டு. ஒரு லினக்ஸ் சர்வருக்கு, வேர் ஃபோல்டரிலிருந்து எல்லாவற்றையும் எடு என்று பாக்குலாவில் எழுதியிருக்கிறீர்கள். டிஸ்க் நிறைந்துவிட்டது என்று யாரோ புது டிஸ்க் ஒன்றை வாங்கி மாட்டி, முக்கியமான கோப்புகளை அதற்கு மாற்றுகிறார். பயன்படுத்துகிறவருக்கு அது இன்னொரு ஃபோல்டராகத்தான் தெரியும். பாக்குலாவுக்கு அது வேறு டிஸ்க். ஒரு டிஸ்க்கைச் சொன்னால் அந்த டிஸ்க்கோடு நின்றுகொள் என்பது அதன் தொடக்க அமைப்பு. நெட்வொர்க் டிரைவுகளுக்குள் எல்லாம் நுழைந்து ஒரே கோப்பை நூறு முறை எடுத்துவிடக் கூடாதே என்பதற்காக அப்படி. அந்த இடத்துக்கு வந்ததும், இது வேறு டிஸ்க், இதற்குள் இறங்கமாட்டேன் என்று அறிக்கையில் ஒரு வரி எழுதிவிட்டுப் பேக்கப்பை முடிக்கும். கடைசியில் வெற்றி என்றே போடும். புது டிஸ்க் வந்த நாளிலிருந்து பேக்கப் முன்பைவிடச் சீக்கிரம் முடிகிறது என்று ஓர் அலுவலகத்தில் எல்லாரும் மகிழ்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இதே குடும்பத்தில் இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. தினமும் முழுவதையும் எடுக்க முடியாது என்பதால், நடுநாள்களில் மாறியதை மட்டும் எடுப்பார்கள். மாறியது எது என்று எப்படித் தெரியும்? கோப்பின் மேல் இருக்கும் தேதியைப் பார்த்து. போன பேக்கப்புக்குப் பிந்தைய தேதி என்றால் எடு. ஒரு பழைய ஃபோல்டரை, பேக்கப் பட்டியலில் இல்லாத இடத்திலிருந்து இருக்கிற இடத்துக்கு இழுத்துப் போட்டால், உள்ளே இருக்கும் கோப்புகளின் தேதி மாறாது. அவை இன்றுதான் வந்திருக்கின்றன, ஆனால் மேலே மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி. சர்வர் அவற்றைத் தாண்டிப் போய்விடும், அடுத்த முழுப் பேக்கப் வரும்வரை. பாக்குலாவில் இதற்குத் துல்லியம் என்று பொருள்படும் ஓர் அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டால் போனமுறை இருந்த கோப்புகளின் முழுப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும். நினைவகம் கூடுதலாகச் செலவாகும், ஆனால் தேதியை நம்பி ஏமாறாது.

எத்தனை நாள் வைத்திருப்பது என்பதும் கிளையன்ட் அமைப்புதான். பாக்குலாவில் கோப்புகளின் பட்டியலுக்கு 60 நாள், பேக்கப் நடந்தது என்ற பதிவுக்கு 180 நாள் என்று தொடக்கத்தில் இருக்கும். 60 நாள் கழிந்ததும் கோப்பு அழிவதில்லை. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற குறிப்புதான் நீங்கும். நூலகத்தில் புத்தகம் அலமாரியில் இருக்க, அட்டையை மட்டும் எடுத்து எரித்த மாதிரி. மூன்றாம் மாதம் ஒரே ஒரு கடிதத்தைத் தேடினால், அன்றைய பேக்கப் முழுவதையும் கொட்டித்தான் பொறுக்க வேண்டும். இல்லையென்றால் டேப்பை முதலிலிருந்து படித்துப் பட்டியலை மறுபடி கட்ட வேண்டும். பேக்கப்பிசியின் வழி வேறு. 4, 2, 3 என்று எழுதினால், வாரத்துக்கு ஒன்றாக 4 முழுப் பிரதிகள், இரண்டு வாரத்துக்கு ஒன்றாக 2, நான்கு வாரத்துக்கு ஒன்றாக 3 என்று 9 பிரதிகளை வைத்துக்கொண்டு நாலைந்து மாதம் பின்னால் போகலாம். அண்மையில் நடந்தது தெளிவாகவும் பழையது தொலைவாகவும் இருக்கும் நம் ஞாபகத்தைப் போலவே. கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரேன்சம்வேர் நுழைந்து சில வாரம் பதுங்கியிருந்து வேலையைக் காட்டும்போது, அந்தத் தொலைவுப் பிரதிதான் உதவும்.

இவ்வளவையும் சரியாக எழுதினாலும் கடைசி வரி ஒன்று பாக்கி இருக்கிறது. பேக்கப் நடக்கவில்லையென்றால் யாருக்குச் சொல்வது? பேக்கப்பிசி 7 நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அந்தக் கணினிக்குரியவருக்கு மின்னஞ்சல் அனுப்பும். அவர் வேலையை விட்டுப் போயிருந்தால் அது யாரும் திறக்காத பெட்டியில் விழும். கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்துக்கு நடந்தது கிட்டத்தட்ட இதுதான். 2017 ஜனவரி 31 அன்று அவர்களின் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் அழிப்புக் கட்டளை கொடுத்து, 300 ஜிபி அளவுள்ள தரவுத்தளத்தில் 4.5 ஜிபி மட்டும் மிஞ்சியது. பேக்கப்பைத் தேடினால் பெட்டி காலி. தரவுத்தளம் 9.6 பதிப்பில் ஓட, நகலெடுக்கும் கருவி 9.2 பதிப்பாக இருந்ததால் ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதும் எச்சரிக்கை மின்னஞ்சல் போகத்தான் செய்தது. அனுப்புநரைச் சரிபார்க்கும் விதிகளில் அது தேறாததால், பெறும் பக்கம் அதைத் தள்ளிவிட்டது. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காகத் தற்செயலாக எடுத்த பிரதி ஒன்று கிடைத்ததால் பிழைத்தார்கள். அந்த ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். நடந்ததை மறைக்காமல், மீட்புப் பணியையே யூடியூபில் நேரலையாகக் காட்டியதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும்.

என் திருத்தம் ஒன்பது நாளில் பிடிபட்டதற்குக் காரணம், தற்செயலாக அன்று காலை நான் அறிக்கையைத் திறந்தது. நீங்கள் வேலை பார்க்கும் இடத்திலும் ஒரு மூலையில் இப்படி ஒரு சர்வர் ஓடிக்கொண்டிருக்கலாம். அதைப் பார்த்துக்கொள்கிறவரிடம் நாளை இரண்டு கேள்வி கேளுங்கள்: என் கணினியில் எதை எடுக்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள், தவறினால் கடிதம் யாருக்குப் போகிறது? இரண்டாவது கேள்விக்கு அவர் சொல்லும் பெயர், இன்னும் அங்கே வேலை பார்க்கிறவருடையதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.